வயிற்று அமிலத்துக்கு உத்தரவு போடுவது யார்?

மூக்கு ஒழுகினால் லொரட்டடின் போடுகிறோம். நெஞ்செரிச்சல் வந்தால் ஃபமோட்டிடின் போடுகிறோம். சிங்கப்பூரில் மருந்தாளுநரிடம் கேட்டால் இரண்டும் கிடைக்கும். இரண்டுமே ஹிஸ்டமின் என்ற ஒரே பொருளின் வேலையைத் தடுக்கிற மாத்திரைகள்தான். ஆனாலும் லொரட்டடின் போட்டால் வயிற்று அமிலம் குறையாது. ஃபமோட்டிடின் போட்டால் தும்மல் நிற்காது. இது ஏன் என்று கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த விடையைத் தெரிந்துகொண்டால் மாத்திரையை எப்போது போடுவது, பால் குடித்தால் ஏன் வலி திரும்பி வருகிறது, பல மாதங்கள் போட்ட மாத்திரையை நிறுத்தினால் ஏன் எரிச்சல் முன்பைவிட மோசமாகிறது என்பதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

நம் பேச்சில் ‘கேஸ்ட்ரிக்’ என்றால் வயிற்றில் அமிலம் தானாகப் பொங்கிவிட்டது என்றுதான் பொருள். அமிலம் தானாகப் பொங்குவதில்லை. உடல் உத்தரவு போட்டால்தான் சுரக்கிறது, போதும் என்று சொன்னால் அடங்குகிறது. தொல்லை வரும்போது எவ்வளவு அமிலம் என்று மட்டும் பார்க்காமல், உத்தரவு எங்கிருந்து வந்தது, நிறுத்தும் ஏற்பாடு வேலை செய்கிறதா, அமிலத்தைத் தாங்கும் சுவர் நலமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அமிலத்தைச் செய்யும் செல்

வயிற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரவுட் 1823இல் இதைச் சொன்னபோது, உயிருள்ள உடம்பு இப்படி ஒரு கனிம அமிலத்தைச் செய்ய முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் நியாயமானதுதான். அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். என்ற எண் குறையக் குறைய அமிலம் அதிகம். ரத்தத்தின் பி.எச். 7.4. புதிதாகச் சுரக்கும் வயிற்று அமிலத்தின் பி.எச். 1க்கு அருகில். அதாவது ரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகமான செறிவில் ஹைட்ரஜன் அயனிகளை வயிற்றுக்குள் தள்ள வேண்டும். ஒரு நாளில் சுரக்கும் இரைப்பைச் சாறு சுமார் 2 லிட்டர்.

இதைச் செய்வது பெரைட்டல் செல், சுருக்கமாக அமிலச் செல். இரைப்பையின் சுவரில் இப்படிப்பட்ட செல்கள் ஏறக்குறைய நூறு கோடி இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்ளேயும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடத்தை ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களே அடைத்திருக்கும். அவ்வளவு எரிபொருள் தேவைப்படும் வேலை. அமிலத்தை வெளியே தள்ளுவது புரோட்டான் பம்ப் என்ற புரதம். அது ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுத்து, பதிலுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே அனுப்புகிறது. ஹைட்ரஜன் ஒரு பக்கம் போகும்போது, மறுபக்கம் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் அதே அளவு ரத்தத்தில் கலக்கிறது. நன்றாகச் சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நம் ரத்தம் வழக்கத்தைவிடச் சற்றே காரத்தன்மை அடைவது இதனால்தான்.

முக்கியமான விஷயம் ஒன்று. செல் ஓய்வில் இருக்கும்போது இந்தப் பம்புகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதில்லை. செல்லுக்குள்ளே சிறு சிறு பைகளில் மடங்கிக் கிடக்கின்றன. உத்தரவு வந்ததும் அந்தப் பைகள் மேற்பரப்போடு வந்து இணைகின்றன, அப்புறம்தான் பம்புகள் வேலையைத் தொடங்குகின்றன. மாத்திரையை எப்போது போடுவது என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மூன்று உத்தரவுகள்

முதல் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. தேக்கா உணவங்காடி நிலையத்தில் பிரியாணிக் கடை வரிசையில் நிற்கும்போதே, ஒரு பருக்கை உள்ளே போவதற்கு முன்பே, வயிறு அமிலம் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் இதை நாய்களில் நிரூபித்தார். சாப்பிட்ட உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்தில் செய்த துளை வழியாக வெளியே விழும்படி அறுவை செய்துவிட்டு உணவு கொடுத்தார். வயிற்றுக்கு ஒன்றுமே வந்து சேரவில்லை. ஆனாலும் இரைப்பைச் சாறு ஊறியது. மூளையிலிருந்து வயிற்றுக்கு வரும் வேகஸ் நரம்பை வெட்டியதும் ஊறுவது நின்றது. செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களிடம் பின்னாளில் சோதித்தபோது, பிடித்த சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலே அமிலம் கூடுவது தெரிந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சுரக்கும் அமிலத்தில் சுமார் 30 விழுக்காடு இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. நரம்பின் முனையில் வெளியாகும் அசிட்டைல்கொலின்தான் செய்தியைச் செல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இரண்டாவது உத்தரவு கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஜி செல்கள் இருக்கின்றன. புரதம் உடைந்து உண்டாகும் பெப்டைடுகளும் அமினோ அமிலங்களும் பட்டவுடன் அவை கேஸ்ட்ரினை வெளிவிடுகின்றன. இங்கே ஒரு வியப்பான சுற்று இருக்கிறது. கேஸ்ட்ரின் பக்கத்தில் இருக்கும் அமிலச் செல்லுக்கு நேரே போவதில்லை. ரத்தத்தில் கலந்து, கல்லீரல், இதயம், நுரையீரல் எல்லாம் கடந்து, உடம்பைச் சுற்றிவிட்டுத் தான் புறப்பட்ட அதே இரைப்பையின் மேல்பகுதிக்கு வந்து சேர்கிறது. இங்கிலாந்தின் ஜான் எட்கின்ஸ் 1905இல் இப்படி ஒன்று இருக்கிறது என்றார். பல ஆண்டுகள் அவரை யாரும் நம்பவில்லை. அதற்குக் காரணமே ஹிஸ்டமின்தான்.

மூன்றாவது உத்தரவு அந்த ஹிஸ்டமின். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே செய்துகொள்ளும் சிறிய மூலக்கூறு. இரைப்பையில் இதைச் சேர்த்து வைத்திருப்பவை ஈ.சி.எல். செல்கள். இவை அமிலச் செல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இவை வெளிவிடும் ஹிஸ்டமின் அடுத்த செல்லில் உள்ள எச்2 ஏற்பியில் (செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தில்) போய் ஒட்டிக்கொள்கிறது. உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூதுப்பொருள் கூடுகிறது, பம்புகள் மேலே வருகின்றன. ஒவ்வாமையில் மூக்கையும் தோலையும் படுத்துவது இதே ஹிஸ்டமின்தான், ஆனால் அங்கே அது ஒட்டுவது எச்1 ஏற்பியில். ஏற்பி வேறு என்பதால் அதற்குப் பொருந்தும் மருந்தும் வேறு.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று குழாய்கள் அல்ல. கேஸ்ட்ரின் அமிலச் செல்லோடு நேரடியாகவும் பேச முடியும் என்றாலும், அதன் பெரும்பகுதி வேலை ஈ.சி.எல். செல்லைத் தட்டி ஹிஸ்டமினை வெளிவிடச் செய்வதுதான். வேகஸ் நரம்பு அமிலச் செல்லை நேரே தூண்டும்போதே கேஸ்ட்ரின் வெளியாவதையும் தூண்டிவிடுகிறது. அப்படியாக மற்ற இரண்டு உத்தரவுகளும் பெருமளவு ஹிஸ்டமின் வழியாகவே வந்து சேர்கின்றன.

இன்னொன்றும் நடக்கிறது. அசிட்டைல்கொலின் செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டுகிறது. ஹிஸ்டமின் சைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் கூடினால் சுரக்கும் அமிலம், தனித்தனியாகச் சுரப்பதைக் கூட்டினால் வருவதைவிட அதிகம். கோயில் தேரைத் தனி ஆளாக இழுத்தால் அசையாது, பலர் சேர்ந்து வடம் பிடித்தால் ஓடத் தொடங்கிவிடும் என்பதைப் போல. இதனால் ஹிஸ்டமினை மட்டும் தடுத்தாலும் மற்ற இரண்டின் வலுவும் சரிந்துவிடுகிறது. இந்த ஒரு உண்மையைத்தான் நீண்ட காலம் யாராலும் பிடிக்க முடியவில்லை.

தவறான முடிவும், ஊட்ரமில் பாடம் நடத்திய மருத்துவரும்

போலந்து நாட்டு உடலியலாளர் லியோன் போபியெல்ஸ்கி 1916இல் ஒரு நாய்க்குத் தோலடியில் ஹிஸ்டமின் ஊசி போட்டார். இரைப்பைச் சாறு பெருக்கெடுத்தது. போர்க்காலம் என்பதால் முடிவு 1920இல்தான் வெளிவந்தது. வந்த பிறகு குழப்பம்தான் கூடியது. உடம்பின் எந்தத் திசுவைப் பிழிந்தாலும் கொஞ்சம் ஹிஸ்டமின் இருக்கும். அப்படியானால் எட்கின்ஸ் கண்டதாகச் சொன்ன கேஸ்ட்ரினும் திசுவில் கலந்திருந்த ஹிஸ்டமின்தானே என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்பது மெல்லத் தெளிவாகி, 1964இல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றியின் இரைப்பையிலிருந்து தூய கேஸ்ட்ரினைப் பிரித்தெடுத்த பிறகுதான் வழக்கு முடிந்தது.

இதற்கிடையே 1930களின் இறுதியிலிருந்து ஒவ்வாமைக்கான முதல் ஹிஸ்டமின் தடுப்பு மருந்துகள் வரத் தொடங்கின. அவற்றைக் கொடுத்தால் தோல் தடிப்பு அடங்கியது, வயிற்று அமிலம் அசையவே இல்லை. 1953இல் கிளாஸ்கோவின் ஆண்ட்ரூ கே இதையே ஒரு பரிசோதனையாக மாற்றினார். நோயாளிக்கு முதலில் ஒவ்வாமை மருந்தை நிறையக் கொடுத்து உடம்பைக் காப்பாற்றிவிட்டு, பிறகு பெரிய அளவில் ஹிஸ்டமின் ஊசி போட்டு, வயிறு அதிகபட்சம் எவ்வளவு அமிலம் சுரக்கும் என்று அளப்பார்கள். மருந்து ஹிஸ்டமினைத் தடுக்கிறது, ஆனால் வயிற்றில் தடுக்கவில்லை. இது மருத்துவமனைகளில் சாதாரணமாக நடந்த சோதனை. விடை கண்ணெதிரே இருந்தது. ஆனாலும், இயல்பான அமிலச் சுரப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லை என்றே அன்று பலர் முடிவு கட்டினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். அந்த ஆண்டுகளில் வயிற்றுப்புண் முற்றியவர்களுக்கு இருந்த பெரிய வழி கத்தி ஒன்றுதான்.

அந்த அறுவை சிகிச்சைகளை இன்று திரும்பிப் பார்த்தால் அவற்றின் தருக்கம் தெளிவாகத் தெரிகிறது. வேகஸ் நரம்பை வெட்டுவது முதல் உத்தரவை அறுப்பது. இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுப்பது இரண்டாவது உத்தரவின் ஊற்றை அகற்றுவது. மூன்றாவதுக்குக் கத்தி போகும் இடம் இல்லை. அதற்கு ஒரு மூலக்கூறுதான் வேண்டியிருந்தது.

அதைத் தேடியவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவம் படித்து முடித்தபோது கடன் கழுத்தை நெரித்தது. 1947இல் வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தார். ஊட்ரமில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் உடலியல் பாடம் நடத்தினார். அக்கல்லூரி 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியோடு இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமானது. 1950இல் அவர் ஊர் திரும்பினார். 1926இல் திறக்கப்பட்ட அந்தக் கல்லூரிக் கட்டடத்தில் இன்று சுகாதார அமைச்சு இயங்குகிறது. சிங்கப்பூர் பொது மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அதன் தூண்களைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். அங்கே பாடம் சொன்ன ஒருவர் பின்னாளில் உலகத்தின் வயிற்றுப்புண் சிகிச்சையையே மாற்றினார் என்பதைச் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

பிளாக் முதலில் இதயத்துக்கான மருந்தில் பெயர் பெற்றார். அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரண்டு வகை ஏற்பிகள் உண்டு என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டு, பீட்டாவை மட்டும் தடுக்கும் புரோபிரனலாலை உருவாக்கினார். ஹிஸ்டமினுக்கும் அப்படி இரண்டாவது ஏற்பி ஒன்று இருக்க வேண்டும், பழைய மருந்துகள் முதல் ஏற்பியை மட்டும் தடுக்கின்றன என்பது அவரது கணிப்பு. 1964இல் இங்கிலாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்து தேடலைத் தொடங்கினார். அவரும் வேதியியலாளர்களும் ஹிஸ்டமினின் மூலக்கூறை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் மாற்றி நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து பார்த்தார்கள். பல ஆண்டுகள் ஒன்றும் கிடைக்கவில்லை. 1972இல் பியூரிமமைடு என்ற பொருள் அமிலத்தை அடக்கியது. ஹிஸ்டமினால் தூண்டப்பட்ட அமிலத்தை மட்டுமல்ல, கேஸ்ட்ரினால் தூண்டப்பட்டதையும் அடக்கியது. ஹிஸ்டமின்தான் சந்திப்புப் புள்ளி என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து வந்த மெட்டியமைடு சில நோயாளிகளுக்கு ரத்த வெள்ளையணுக்களைக் குறைத்ததால் கைவிடப்பட்டது. அதன் குறையை நீக்கிச் செய்த சிமெட்டிடின் 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் வயிற்றுப்புண் அறுவை சிகிச்சைகள் வேகமாகக் குறைந்தன. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு.

1981இல் வந்த ரானிட்டிடினுக்கும் சிங்கப்பூரோடு தொடர்பு உண்டு. கிளாக்ஸோ நிறுவனம் அந்த மருந்தின் மூலப்பொருளை 1980களில் ஜூரோங்கில் தயாரித்தது. உலகிலேயே அதிகம் விற்ற மருந்தாக அது சில காலம் இருந்தது. 2019 செப்டம்பரில் சுகாதார அறிவியல் ஆணையம் சிங்கப்பூரில் விற்கப்பட்ட எட்டு ரானிட்டிடின் தயாரிப்புகளைத் திரும்பப் பெற்றது. புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற பொருள் அவற்றில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருந்தது. ரானிட்டிடின் மூலக்கூறு நாள்பட வைத்திருக்கும்போது தானே சிதைந்து அந்தப் பொருளைத் தரும் தன்மை உடையது. எச்2 ஏற்பியைத் தடுப்பதால் வந்த கேடு அல்ல அது. ஃபமோட்டிடினுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஃபமோட்டிடின் உடம்பில் தேங்கி மனக்குழப்பத்தை உண்டாக்கலாம், அளவைக் குறைக்க வேண்டும். நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர் என்பதால் மருந்தாளுநரிடம் இதைச் சொல்லியே வாங்குவது நல்லது.

போதும் என்று சொல்பவர்கள்

உத்தரவைப் போலவே தடையும் முக்கியம். இரைப்பையில் அமிலம் கூடி பி.எச். 3க்குக் கீழே இறங்கியதும், அங்குள்ள டி செல்கள் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனை வெளிவிடுகின்றன. அது ஜி செல், ஈ.சி.எல். செல், அமிலச் செல் மூன்றையும் ஒருசேர அடக்குகிறது. சாப்பாடு இருக்கும்போது அது அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் பி.எச். உயர்ந்தே இருக்கும், தடை விழாது, சுரப்பு தொடரும். சாப்பாடு குடலுக்கு இறங்கியதும் தடை விழும். அமிலம் சிறுகுடலுக்குள் வந்ததும் அங்கிருந்து சீக்ரெட்டின் என்ற ஹார்மோனும் ‘நிறுத்து’ என்று சொல்லும்.

நோன்பு நோற்பவர்கள், தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்கள் பலர் கேட்பது: வெறும் வயிற்றில் அமிலம் ஊறிக்கொண்டே இருந்து குடலை அரித்துவிடாதா? வெறும் வயிற்றில் சுரப்பது அதிகபட்சச் சுரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இரைப்பைச் சுவர் நலமாக இருந்தால் அதைத் தாங்கும். ஏற்கெனவே புண் உள்ளவர்களும் ரத்தக்கசிவு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

சுவரைக் காப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். அது அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, சளிப்படலத்தையும் பைகார்பனேட்டையும் கூட்டுகிறது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் அதன் தயாரிப்பையே தடுத்துவிடுகின்றன. முட்டிவலிக்கு இவற்றை மாதக்கணக்கில் போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வயிற்றில் புண் வருவது இதனால்தான், காரம் தின்றதால் அல்ல. பனடோல் (பாராசிட்டமால்) இந்த வகையைச் சேர்ந்ததல்ல.

தடையைக் கெடுக்கும் இன்னொன்று ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி. பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள், 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறினால் சொமாட்டோஸ்டாட்டின் குறைகிறது, கேஸ்ட்ரின் கூடுகிறது, ஈ.சி.எல். செல்கள் வழியாக அமிலம் பெருகிச் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் வருகிறது. அதே கிருமி மேல்பகுதிக்கும் பரவினால் அமிலச் செல்களே அழிகின்றன, அமிலம் குறைகிறது, இரைப்பைப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தியர்களிடையே இந்தத் தொற்று பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவாகவே இருப்பது ஆய்வாளர்களை இன்றும் யோசிக்க வைக்கிறது.

பால், கோப்பி, மிளகாய்

வயிறு எரிந்தால் ஒரு டம்ளர் பால் குடி என்று பாட்டிமார் சொல்வார்கள். குடித்ததும் சுகமாகத்தான் இருக்கும், பால் அமிலத்தைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. ஆனால் பாலில் புரதமும் கால்சியமும் இருக்கின்றன. இரண்டுமே ஜி செல்லைத் தட்டுபவை. முழுப் பால், கொழுப்பு குறைத்த பால், கொழுப்பு நீக்கிய பால் மூன்றையும் கொடுத்து 1976இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். எல்லாமே அமிலத்தைக் கூட்டின. புண்ணுக்கு மணிக்கு ஒரு முறை பால் கொடுக்கும் பழைய மருத்துவ முறை இப்போது இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோப்பியும் கேஸ்ட்ரினையும் அமிலத்தையும் கூட்டுகிறது. காஃபினை நீக்கிய கோப்பியும் கூட்டுகிறது என்பதால் குற்றம் காஃபினுடையது மட்டுமல்ல. பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் குடித்தாலும், பால் சேர்த்த கோப்பி குடித்தாலும் ஏதோ ஒரு வழியில் உத்தரவு போகத்தான் செய்யும். பீரும் வைனும் அமிலத்தை நன்றாகக் கூட்டும், விஸ்கி கூட்டுவதில்லை. அதற்காக விஸ்கி வயிற்றுக்கு நல்லது என்று ஆகிவிடாது, அது சுவரை நேரடியாகவே காயப்படுத்தும்.

மிளகாய் பற்றிச் சிங்கப்பூரிலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 1995இல் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். ஒன்றில், வயிற்றுப்புண் உள்ள சீனர்கள் புண் இல்லாதவர்களைவிடக் குறைவாகவே மிளகாய் சாப்பிட்டு வந்தது தெரிந்தது. மற்றொன்றில், நலமாக இருந்த 18 பேருக்கு ஒரு முறை 20 கிராம் மிளகாயும் தண்ணீரும், இன்னொரு முறை தண்ணீர் மட்டும் கொடுத்து, அரை மணி கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது, மிளகாய் சாப்பிட்ட முறை காயம் குறைவாக இருந்தது. மிளகாயின் காரப்பொருள் நரம்பு முனைகளைத் தூண்டிச் சுவரில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. காரம் சாப்பிட்டால் எரிவது உண்மை, உணவுக்குழாய் எரிச்சல் உள்ளவர்கள் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் நம் குழம்பில் உள்ள காரம்தான் புண்ணைக் கொண்டுவந்தது என்று ஒருவரைப் பத்தியச் சோற்றில் உட்கார வைப்பதற்கு ஆதாரம் இல்லை.

பம்பையே நிறுத்தும் மாத்திரை

இப்போது பலதுறை மருந்தகங்களில் அதிகம் எழுதித் தருவது ஒமெப்ரசோல் வகை மருந்து. 1988இல் சுவீடனிலிருந்து வந்தது. மூன்று உத்தரவுகளில் எது வந்தாலும் வேலையை முடிப்பது புரோட்டான் பம்ப்தானே, அதையே பூட்டிவிடுகிறது இது. ஃபமோட்டிடின் போன்ற எச்2 மாத்திரைகளைவிட வலுவானது. எச்2 மாத்திரையைத் தினமும் போட்டால் ஓரிரு வாரங்களில் அதன் வலு குறையத் தொடங்கும். இதற்கு அப்படி இல்லை.

ஆனால் இந்த மருந்து வேலை செய்யும் பம்பை மட்டும்தான் பிடிக்கும். பைக்குள் மடங்கிக் கிடக்கும் பம்பை அதனால் தொட முடியாது. அமிலம் இருக்கும் இடத்தில்தான் அது செயல்வடிவம் பெறுகிறது. ரத்தத்தில் அது தங்கும் நேரமோ மிகக் குறைவு, ஓரிரு மணி நேரத்தில் பாதி போய்விடும். ஆகவே மருந்து ரத்தத்தில் இருக்கும் நேரமும் பம்புகள் மேலே வரும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்வது இதற்காகத்தான். இரவு சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது இதை விழுங்கிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் மருந்தில் குறை இல்லை, நேரத்தில்தான் குறை.

நிறுத்தும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். பம்பைப் பூட்டியதால் அமிலம் குறைகிறது. அமிலம் குறைந்தால் சொமாட்டோஸ்டாட்டின் தடை விழுவதில்லை. ஜி செல்கள் ‘இன்னும் வேண்டும்’ என்று கேஸ்ட்ரினைக் கொட்டுகின்றன. கேஸ்ட்ரினுக்கு இன்னொரு குணம், அது ஈ.சி.எல். செல்களை வளர்க்கவும் செய்யும். மாதக்கணக்கில் இப்படி நடந்தால் ஹிஸ்டமின் கையிருப்பு பெருகிவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியதும் பூட்டுத் திறக்கிறது, சேர்ந்து கிடந்த உத்தரவெல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. 2009இல் டென்மார்க்கில் வெளியான ஆய்வில், வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரில் ஒரு பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். மருந்து பெற்றவர்களில் 44 விழுக்காட்டினருக்குப் பின்னர் நெஞ்செரிச்சல் போன்ற தொல்லை வந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை பெற்ற மறுபாதியினரில் அது 15 விழுக்காடு. நோயே இல்லாதவர்களுக்கு மருந்து நோயைத் தந்தது என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எரிச்சல் திரும்பியதும் ‘எனக்கு இந்த மாத்திரை இல்லாமல் முடியாது’ என்று பலர் வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறார்கள். உண்மையில் தொடர வேண்டியவர்களும் உண்டு. புண்ணில் ரத்தம் கசிந்த வரலாறு இருந்து, இதயத்துக்காக ஆஸ்பிரின் போடுகிறவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணானவர்களும் அப்படித்தான். மற்றவர்கள் மருத்துவரிடம் பேசி மெல்ல இறங்கலாம். அளவைப் பாதியாக்குவது, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு தேவைப்பட்டால் மட்டும். இடையில் எரிச்சல் வரும் நாளில் கேவிஸ்கான் போன்ற திரவமோ ஃபமோட்டிடினோ கைகொடுக்கும். திரும்பி வரும் அலை ஹிஸ்டமின் வழியாக வருவது என்பதால் எச்2 ஏற்பியைத் தடுக்கும் மாத்திரை அங்கே சரியாகப் பொருந்துகிறது. அந்த அலை சில வாரங்களில் அடங்கும், சிலருக்கு இரண்டு மாதம் வரை ஆகலாம்.